ஆமை தேடிப் போன அக்கா



கிளாஸுக்கு கட் அடிச்சுட்டு ஈ.சி.ஆர்-ல மாமல்லபுரம் வரைக்கும் பைக்கை விரட்டினவங்க எல்லாம் கையைத் தூக்குங்க. (எச்.ஓ.டி. இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார், தைரியமா தூக்கலாம்!) வழியில வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள்ள புகுந்து, வாயைப் பிளந்துக்கிட்டு அசையாம கிடக்கிற முதலையைப் பார்த்து, 'டேய், இது பொம்மைடா'னு பந்தயம் கட்டியிருப்பீங்க. நானும் கட்டித் தோத்தவன்தான். ஆனா, அங்கே நம்ம வயசுல வேலை பார்த்த ஒரு அக்காவைப் பத்தித் தெரிஞ்ச பிறகு, அந்த இடமே எனக்கு வேற மாதிரி தெரியுது.

அவர் பேர் ஜெ.விஜயா. நண்பர்களுக்கு விஜி. இந்தியாவின் முதல் பெண் ஹெர்பட்டாலஜிஸ்ட். அதாவது பாம்பு, பல்லி, தவளை, ஆமைனு நாம 'ஐயே' சொல்லி ஒதுங்குற உயிர்களை ஆராய்ச்சி பண்றவர். 1970-களின் கடைசியில, கல்லூரி மாணவியா இருக்கும்போதே சென்னை பாம்புப் பண்ணைக்கு வாலன்டியரா போனார். அதை ஆரம்பிச்ச ரோமுலஸ் விட்டேகர்தான் 1976-ல வடநெம்மேலி முதலைப் பண்ணையையும் தொடங்கினவர். விஜி அங்கேயும் வேலை பார்த்தார். எல்லோரும் முதலை, பாம்புனு நிக்க, அவர் பிடிச்சது ஆமை ரூட்!

நம்ம கடற்கரையில மீனவர்கள் 'பங்குனி ஆமை'னு சொல்வாங்களே, அதே இனத்தை மேற்கு வங்கத்தின் திகா கடற்கரையில கறிக்காகக் குவிச்சு வெச்சிருந்தாங்க. விஜி அங்கே போய் எடுத்த படங்கள் 'இந்தியா டுடே'வில் வந்துச்சு. அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி வரைக்கும் விஷயம் போய், ஆமைகளைக் காக்க கடலோரக் காவல் படை இறங்குச்சு.

அடுத்ததுதான் மேட்டரே! 1912-ல சென்னை அருங்காட்சியகத்தின் ஹெண்டர்சன், கொச்சி காட்டுல கிடைச்ச ரெண்டே ரெண்டு ஆமையை வெச்சு ஒரு புது இனத்தை அறிவிச்சார். அதோட சரி. 70 வருஷமா எந்த விஞ்ஞானி கண்ணுலயும் அது படலை. 1982-ல விஜி அந்தக் காட்டுக்குப் போனார். குகையில தங்கினார். காடர் பழங்குடி மக்களோட துணையில சருகுக்குள்ள தேடித் தேடி, உள்ளங்கை அளவு ஆமையைக் கண்டுபிடிச்சுட்டார். மூக்கு நுனியில சிவப்புப் பொட்டு. உள்ளூர்ல அதுக்குப் பேரு சூரல் ஆமை. சூரல்னா பிரம்பு. காடர்களுக்கு அது எப்பவுமே தொலைஞ்சு போகலைங்கிறதுதான் இதுல சூப்பர் பாயின்ட். விஞ்ஞானம்தான் அவங்களைக் கேட்க 70 வருஷம் எடுத்துக்குச்சு!

சினிமாவா இருந்தா இங்கே கைதட்டல், சுபம். ஆனா, 1987-ல விஜி இறந்துட்டார். வயசு வெறும் 28.

2006-ல ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆமையோட டி.என்.ஏ-வைப் பார்த்தாங்க. தெரிஞ்ச எந்தப் பேரினத்தோடயும் அது ஒத்துப்போகலை. புதுசா ஒரு பேரினத்தையே உருவாக்கி, 'விஜயாகெலிஸ்'னு பேர் வெச்சாங்க. கெலிஸ்னா கிரேக்கத்துல ஆமை. விஜயாவின் ஆமை! பார்க்கத்தான் விஜி இல்லை.

எட்டாவது செமஸ்டர்ல எத்தனை லட்சம் பேக்கேஜ்னு இப்பவே கணக்குப் போடுற கூட்டத்துல நானும் ஒருத்தன். அதைத் தப்புன்னு சொல்லலை. ஆனா, உங்க கிளாஸ்லயும் தவளைச் சத்தத்தை செல்போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டு ஒருத்தி இருப்பா. 'இதனால என்னடி கிடைக்கும்?'னு சிரிக்கிறதுக்கு முன்னாடி, 'எனக்கும் போட்டுக் காட்டு'னு கேளுங்க ஃப்ரெண்ட்ஸ்.

விஜி பேரை ஒரு ஆமைக்கு வைக்க 19 வருஷம் ஆச்சு. உங்க ஃப்ரெண்டைப் பாராட்ட ஒரு நிமிஷம் போதும்!