அணிகிறவனைக் கேளுங்கள்!

கட்டிடம் பற்றி எரிகிறது. உள்ளே இருந்தவர்கள், உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடி வருகிறார்கள். அவர்கள் வெளியேறும் அதே வாசல் வழியாக ஒருவன் உள்ளே போகிறான். அவனும் பிள்ளை குட்டிக்காரன்தான். மாதச் சம்பளத்தை எண்ணிக் குடித்தனம் நடத்துகிறவன்தான். அவன் முதுகில் ஒரு சிலிண்டர். முகத்தில் ஒரு முகமூடி. தீயணைப்பு நிலையங்களில் 'பி.ஏ. செட்' என்று சொல்கிறார்களே, அந்த மூச்சுக் கருவி. புகைக்கும் அவன் நுரையீரலுக்கும் நடுவே நிற்பது அது ஒன்றுதான்.

அந்தக் கருவியை எந்தக் கம்பெனியிடம் வாங்குவது என்று தீர்மானிக்கிறவர் யார்? நெருப்பின் பக்கமே போகாத ஒருவர், விலைப் பட்டியலில் எந்த எண் சிறியதென்று பார்த்துக் கையெழுத்திட்டால் போதுமா? போதாது என்கிறோம் நாம். அணிகிறவனைக் கேளாமல் மூச்சுக் கருவி வாங்கும் எந்த இலாகாவும், மக்கள் பணத்தையும் பாழாக்குகிறது, தன் வீரனின் உயிரையும் பணயம் வைக்கிறது என்கிறோம்.

"சிலிண்டருக்குள் இருப்பது காற்று. எந்தக் கம்பெனி அடைத்தால் என்ன? விலை குறைந்ததை வாங்குவதுதானே சிக்கனம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத்தான் தோன்றும். வரி கொடுக்கிறவன் உழைப்பாளி; சிக்கனத்தை நாம் வெறுப்பவர்களல்ல. ஆனால் எது சிக்கனம் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே!

6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால், ஏறக்குறைய 2,000 லிட்டர் கிடைக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவென்று வைத்துக்கொண்டு, 50 நிமிடம் வருமென்று காகிதம் சொல்லும். ஆனால் நனைந்த குழாயை இழுத்துக்கொண்டு நான்கு மாடி ஏறி, மயங்கிக் கிடப்பவனைத் தூக்கி வருகிறவன் நிமிடத்துக்கு 40 லிட்டரோடு நிற்பானா? 100 லிட்டர் வரை இழுப்பான். 50 நிமிடம் 20 நிமிடமாகிவிடும்! முகமூடி முகத்தில் சரியாகப் பொருந்தவில்லையென்றால் அதுவும் இல்லை. இக்காலக் கருவிகளில் முகமூடிக்குள் அழுத்தம் சற்று உயர்ந்தே இருக்கும். ஆகையால் இடுக்கு இருந்தால் புகை உள்ளே வருவதற்குப் பதில் காற்று வெளியே போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் போவது அவனுடைய நிமிடங்களல்லவா? ஒரே அளவு முகமூடியை எல்லா முகத்துக்கும் மாட்டச் சொல்லும் டெண்டர், மலிவு டெண்டரா?

எடையையும் பாருங்கள். முன்காலத்தில் அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களைப் 'புகை தின்னிகள்' என்று பெருமையாக அழைத்தார்கள். புகையை விழுங்கிக்கொண்டு வேலை செய்வது வீரமாம்! கருவி வந்த பிறகும், அதன் கனம் தாங்காமல் பலர் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள். 1971இல் அந்நாட்டு விண்வெளி நிறுவனமான நாசா, விண்வெளிப் பயணத்துக்காகக் கண்ட நுட்பத்தைக்கொண்டு இலேசான கருவி செய்ய முனைந்தது. அதை ஆய்வுக்கூடத்தோடு நிறுத்தவில்லை. 1974-75இல் நியூயார்க், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களின் வீரர்களிடம் கொடுத்து, மெய்யான பணியில் அணிந்து பார்க்கச் செய்தார்கள். எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வண்டியில் கிடந்த கருவி வீரனின் முதுகுக்கு ஏறியது. வாங்கியும் அணியாத கருவிக்குக் கொடுத்த பணம் வீண் பணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலிவை வணங்குவது ஒரு மடமையென்றால், பெயரை வணங்குவது மற்றொரு மடமை. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1889இல் தொடங்கிய டிரேகர், அமெரிக்காவில் சுரங்கத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்றே 1914இல் தோன்றிய எம்.எஸ்.ஏ., 1945இல் முதுகில் சுமக்கும் காற்றுக் கருவியைக் கொண்டுவந்த ஸ்காட் இவையெல்லாம் பெரிய பெயர்கள்தாம். பெரிய பெயர் என்பதற்காகவே வாங்கு என்றால் நாம் ஒப்பமாட்டோம்.

கேரட் மார்கன் என்ற நீக்ரோ இனத்தவர், 1914இல் புகைமூடிக்குக் காப்புரிமை பெற்றார். 1916இல் கிளீவ்லாந்து நகரையொட்டிய ஈரி ஏரியின் அடியில், சுரங்கப் பாதையில் வெடிவிபத்து. விஷவாயு நிறைந்த அந்தக் குழிக்குள், தம் கருவியை அணிந்து சகோதரருடன் அவரே இறங்கி மனிதர்களை மீட்டார். அந்தக் கருவியின் தரத்துக்கு அதைவிட நற்சான்று எது? ஆயினும் கண்டுபிடித்தவரின் நிறம் தெரிந்ததும், வாங்குவதாகச் சொன்ன சில ஊர்கள் பின்வாங்கின. புகை நிறம் பார்ப்பதில்லை; வாங்க வந்த பெரியவர்கள் பார்த்தார்கள். பெட்டியின் மேலுள்ள பெயரைப் பார்த்து வாங்குவதன் கேடு இதுதான்.

"தர முத்திரை இருக்கிறதே, அது போதாதா?" என்பார்கள். முத்திரை கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. விதி, ஐரோப்பாவில் இ.என். 137 என்று தர விதிகள் இருக்கின்றன. முத்திரையில்லாத கருவியைக் கடைவாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆனால் விதிகளும் அனுபவத்தில் கற்றுக்கொண்டே வளர்கின்றன. கடும் வெப்பத்தில் முகமூடியின் கண்ணாடி இளகிவிடுகிறது என்று தெரிந்த பிறகுதான், 2013ஆம் ஆண்டு அமெரிக்க விதியில் அதற்கெனக் கடுமையான சோதனை சேர்ந்தது. காற்று தீரப்போகிறது என்னும் எச்சரிக்கையும், நான்கில் ஒரு பங்கு மிஞ்சும்போது என்றிருந்ததை மாற்றி, மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே ஒலிக்க வேண்டுமென்றார்கள். முத்திரை, வாசலைத் திறந்துவிடும். உள்ளே வந்தவற்றில் எது நல்லதென்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவன் அணிகிறவன்.

இன்னொன்றையும் தோழர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஓர் இலாகா, இந்த ஆண்டு மலிவென்று ஒரு கம்பெனியிடமும் அடுத்த ஆண்டு மலிவென்று வேறொரு கம்பெனியிடமும் வாங்கினால் என்ன ஆகும்? ஒன்றின் முகமூடி மற்றொன்றின் வால்வில் பொருந்தாது. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வண்டிகள் விரைந்து வந்தன. வந்து என்ன பயன்? அவர்கள் கொண்டுவந்த குழாய்களில் பல, அந்த ஊர்த் தண்ணீர்க் குழாயில் பொருந்தவில்லை! 1,500க்கு மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின. காற்றிலும் அதே கதை நேரக்கூடாதென்றுதான், 2002ஆம் ஆண்டு விதியில், எந்தக் கம்பெனிக் கருவியானாலும் ஆபத்தில் சிக்கியவனுக்கு வெளியிலிருந்து காற்று ஊட்டும் இணைப்பு மட்டும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டுமென்று அமெரிக்காவில் கட்டாயமாக்கினார்கள். கம்பெனிகள் போட்டியிடட்டும்; காற்று தீர்ந்தவனுக்குத் தோழனின் காற்று பொருந்தியாக வேண்டும்.

கருவி நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? 1958 ஜனவரியில் லண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலவறையில் தீப்பிடித்தது. மூச்சுக் கருவி அணிந்து இறங்கிய இருவர், புகை சூழ்ந்த அந்த இருட்டில் சிக்கி மாண்டார்கள். யார் உள்ளே போனார், எப்போது போனார், யாருக்கு எவ்வளவு காற்று மிச்சம் என்று வாசலில் பலகை வைத்துக் கணக்கெழுதும் முறையை, அதன் பிறகுதான் அந்நாடு முழுவதிலும் உறுதிப்படுத்தினார்கள். ஆகவே கருவி வாங்கும்போதே பயிற்சிக்கும், பழுது பார்ப்பதற்கும், சுத்தமான காற்று அடைக்கும் இயந்திரத்துக்கும் பணம் ஒதுக்க வேண்டும். கார்பன் இழைச் சிலிண்டருக்குப் பொதுவாக 15 ஆண்டுதான் ஆயுள் குறிக்கிறார்கள். உதிரி உறுப்புக்கு ஆறு மாதம் காக்க வைக்கும் கம்பெனியின் மலிவு, எத்தனை நாளைக்கு மலிவு?

"வீரர்களிடம் விட்டால், விற்பனைக்காரர் வாங்கித்தரும் காபிக்கு மயங்கிவிடமாட்டார்களா?" என்று கேலி பேசுவோரும் உண்டு. மேலதிகாரி மயங்கமாட்டார், கீழே உள்ளவன் மயங்குவான் என்பது எந்த ஊர் நியாயம்? மயக்கத்துக்கு இடமில்லாமல் செய்ய வழி இருக்கிறது. நம் நாட்டில் டெண்டர்களை இரண்டு உறையாக வாங்கும் முறை பழகிய முறைதான்: முதல் உறையில் தரம், இரண்டாம் உறையில் விலை. அந்த முதல் உறையோடு அணிந்து பார்க்கும் சோதனையையும் சேர்த்துவிடுங்கள்.

புகை நிரப்பிய அறையில், கையுறையோடு, இருட்டில், தவழ்ந்தபடி வீரர்கள் சோதித்துப் பார்க்கட்டும். தோள் வார் அறுக்கிறதா? பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கிறதா? தடவிப் பார்த்தே வால்வைத் திறக்க முடிகிறதா? குட்டையானவன், நெட்டையானவன், வீரப் பெண்மணி என்று எல்லாருக்கும் முகமூடி பொருந்துகிறதா? ஒவ்வொன்றுக்கும் அவர்களே மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடட்டும். அதில் தேறாத கருவியின் விலை உறையைப் பிரிக்கவே வேண்டாம். தேறியவற்றில், 15 ஆண்டுச் செலவையும் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அதை வாங்குங்கள். அதுவே உண்மைச் சிக்கனம்.

ஆளுகிறவர்கள் யாராயிருந்தாலும் நாம் கேட்பது இதுதான்: தேர்வுக் குழுவில் பாதிக்குக் குறையாமல் நிலையத்தில் பணிபுரியும் வீரர்கள் இருக்க வேண்டும், அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய கருவியை, மலிவென்று சொல்லி அவர்கள் முதுகிலேயே ஏற்றக் கூடாது. எரிகிற வீட்டுக்குள் போகத் துணிந்தவனுக்கு, எதை அணிந்துகொண்டு போவதென்று சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையை அவனுக்குக் கொடுங்கள்!