காசு கொடுத்து வாங்குன மெஷின்... கன்ட்ரோல் யார் கையில?

பைக் டேங்க்கில் பெயர், லேப்டாப் மூடியில் மீம், ரிட்டர்ன் கிஃப்ட் பாட்டிலில் மணமக்கள் பெயர்... எல்லாம் வினைல் ஸ்டிக்கர்தான். முன்னாடி இதுக்கு ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குத்தான் போகணும். இப்போ பிரின்டர் சைஸில் ஒரு கட்டிங் மெஷினை வாங்கி மேஜை மேல வெச்சு, வீட்டிலிருந்தே ஆர்டர் எடுக்குறாங்க. 'நாமளும் ஒண்ணு வாங்கலாமா?' என்று யோசிக்கிறீர்களா? 2021 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு வாரம் நடந்த சண்டையைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மெஷின் என்ன செய்யும்?

பிரின்டரில் இங்க் இருக்கும் இடத்தில் இதில் சின்ன பிளேடு இருக்கும். டிசைனின் ஓரக்கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், வினைலை மட்டும் வெட்டும். அடியில் இருக்கும் பேப்பரை விட்டுவிடும். வேண்டாத பகுதியை நாம் உரித்து எடுத்து, டிரான்ஸ்ஃபர் டேப்பில் தூக்கி ஒட்டினால் ஸ்டிக்கர் ரெடி. ஆனால், எங்கே வெட்டணும் என்று பிளேடுக்குச் சொல்வது சாஃப்ட்வேர். பிரச்னையே அங்கேதான்.

20-க்கு மேல போனா காசு!

இந்த ஹாபி மெஷின்களில் பிரபலமானது கிரிகட். (உச்சரிப்பு நம்ம கிரிக்கெட்தான்!) அதை ஓட்ட அந்த கம்பெனியின் 'டிசைன் ஸ்பேஸ்' ஆப் வேண்டும். சொந்த டிசைனை அதில் அப்லோடு செய்த பிறகுதான் வெட்ட முடியும். 2021 மார்ச் 12-ல் கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. இலவசமாகப் பயன்படுத்துபவர்கள் மாதம் 20 டிசைன்கள் மட்டுமே அப்லோடு செய்யலாம்; அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதச் சந்தா 9.99 டாலர். அப்போதைய மதிப்பில் 700 ரூபாய்க்கு மேல்.

பொழுதுபோக்குக்கு வெட்டுபவருக்கு 20 போதும். ஆனால் தினமும் 5 ஆர்டர் எடுக்கும் ஒருவருக்கு நாலே நாளில் கோட்டா காலி. மெஷினை வாங்கும்போது இல்லாத கட்டுப்பாடு, வாங்கிய பிறகு வந்தால் கோபம் வராதா? சோஷியல் மீடியா கொதித்தது, ஆன்லைன் மனுவில் கையெழுத்துகள் குவிந்தன. மார்ச் 16-ல் 'ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்களுக்கு லிமிட் இல்லை' என்று இறங்கிவந்தார்கள். அதுவும் எடுபடவில்லை. மார்ச் 18-ல் சி.இ.ஓ ஆஷிஷ் அரோரா மொத்தத் திட்டத்தையும் கைவிட்டார்.

ஏன் அப்படிச் செய்தார்கள்?

தேதியைப் பாருங்கள். அடுத்த வாரம், மார்ச் 25-ல், கிரிகட் பங்குச்சந்தைக்கு வந்தது. லாக்டௌன் காலமான 2020-ல் அதன் வருமானம் கிட்டத்தட்ட இரு மடங்காகி, சுமார் 96 கோடி டாலரைத் தொட்டிருந்தது. யூஸர்கள் 43 லட்சம். அவர்களில் சந்தா கட்டியவர்கள் 13 லட்சம் பேர்தான். மெஷினை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார், சந்தா மாசாமாசம் வரும். முதலீட்டாளருக்கு எது பிடிக்கும்? மீதி 30 லட்சம் பேர் மேல் கம்பெனி கண் வைத்ததில் ஆச்சர்யமில்லை.

இது புதுசும் இல்லை. முன்பு 'பிரோவோ கிராஃப்ட்' என்ற பெயரில் இருந்தபோது, டிசைன்களை கார்ட்ரிட்ஜில் போட்டுத் தனியாக விற்றார்கள். சொந்த டிசைனை வெட்ட உதவிய வெளி சாஃப்ட்வேர்களான 'மேக் தி கட்', 'ஷூர் கட்ஸ் எ லாட்' இரண்டும் வழக்குகளுக்குப் பிறகு, 2011-ல் கிரிகட் மெஷினுக்கான வசதியை நீக்கிவிட்டன. லேசர் பக்கம் வந்தால், 'குளோஃபோர்ஜ்' மெஷின் கம்பெனியின் கிளவுட் சர்வரை நம்பியே ஓடுகிறது. நெட் போனால் வேலையும் போச்சு.

2021-ல் யூஸர்கள் ஜெயித்தது உண்மை. ஆனால் சாவி இன்னும் கம்பெனியிடம்தான் இருக்கிறது. இன்னொரு ரூல் போட ஒரு அப்டேட் போதும். அடுத்த தடவையும் இவ்வளவு பேர் சேர்ந்து குரல் கொடுப்பார்களா?

வாங்கும் முன் கேளுங்கள்

* நெட் இல்லாமல், லாகின் இல்லாமல் வெட்ட முடியுமா? 'சிலுவெட்' மெஷின்களின் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரிலேயே இன்ஸ்டால் செய்து ஓட்டலாம்.

* வேறு சாஃப்ட்வேரோடு சேருமா? பல லேசர் மெஷின்கள் 'லைட்பர்ன்' சாஃப்ட்வேரில் ஓடும். ஆப் நின்றுபோனாலும் மெஷின் வீணாகாது.

* டிசைன் ஃபைல்கள் யாரிடம்? 'இங்க்ஸ்கேப்' இலவசம். அதில் வரைந்து, ஒரிஜினலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சேமியுங்கள். மெஷின் மாறினாலும் உழைப்பு உங்களோடு வரும்.

* லேசர் வாங்கினால் ஒரு எச்சரிக்கை: சாதாரண வினைல் ஸ்டிக்கர் பி.வி.சி-யில் செய்தது. அதை லேசரில் வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கெடுதல், மெஷினும் துருப்பிடிக்கும். வினைலுக்கு பிளேடுதான்.

இ.எம்.ஐ போட்டு மெஷின் வாங்கி, அதை நம்பி ஆர்டர் எடுப்பவருக்கு, மாசம் 700 ரூபாய் திடீர்ச் செலவு என்பது லாபத்திலேயே கைவைக்கும் விஷயம். அதனால் அன்பாக்ஸிங் ரீல்ஸ் பார்த்து 'ஆர்டர்' பட்டனைத் தட்டும் முன், சாஃப்ட்வேர் கண்டிஷன்களை ஒரு தடவை படிச்சிடுங்க பாஸ்!