ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

கொழுக்குமலைக்கு ஏறும் வழியைச் சாலை என்று சொல்வது கொஞ்சம் தாராளம்தான். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போவதென்றால் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். வழியெல்லாம் உருளும் கல், பள்ளம். மழை பெய்தால் சேறு. சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை இருட்டோடு இருட்டாக ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் பலவும், இன்று ஷோரூமில் கிடைக்காத பழைய மஹிந்திராக்கள். அவற்றின் சேஸிஸும் கியர்பாக்ஸும் எளிதில் ஓய்வதில்லை. முதலில் தளர்வது இன்ஜின்.

புகை கூடி, ஏற்றத்தில் இழுவை குறைந்து, ஆயில் ஊற்றி ஊற்றி அலுத்துப்போய் வண்டியைப் பட்டறையில் விடுகிறவரிடம் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “ரிங்கை மட்டும் மாத்தி விட்டுருவோம்ணே, கம்மியா முடிஞ்சிரும்.” கேட்க இதமாக இருக்கும். இன்ஜின் வேலையில் இதைவிடச் செலவு வைக்கும் யோசனை வேறில்லை.

காரணம் எளிது. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. எரிபொருள் வெடித்துச் சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும் மேல்பகுதியில்தான் ஆயில் படலம் மெலிந்திருக்கும். தேய்மானமும் அங்கேதான் அதிகம். பிஸ்டன் ரிங் எட்டாத மேல் விளிம்பு மட்டும் தேயாமல் வரப்பு போல நிற்கும். ஹெட்டைக் கழற்றிவிட்டு நகத்தால் தடவினாலே தட்டுப்படும். கனெக்டிங் ராடின் பக்கவாட்டு அழுத்தத்தால் வட்டமும் கெட்டுப்போகும். “போர் ஓவலாயிருச்சு” என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஓவலான போருக்குள் வட்டமான புது ரிங்கைப் போட்டால் அது எல்லாப் பக்கமும் ஒட்டாது. சில மாதம் புகை அடங்கியதுபோல் தெரியும். பிறகு பழைய கதைதான். கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் இரண்டாம் முறை.

அதற்காக, புகை வந்த வண்டியை எல்லாம் பிரித்துப் போட வேண்டும் என்பதில்லை. டீசல் வண்டி கரும்புகை விட்டால் பல நேரம் குற்றவாளி நாசிலும் பம்பும்தான்; சில நேரம் அடைத்துப்போன ஏர் ஃபில்டர். பழைய பெட்ரோல் வில்லிஸ் ஜீப், நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் நீலப்புகை கக்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வ் கைடை. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அதே துவாரத்தின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். மூடி குதித்து, கூடவே புகையும் குபுகுபுவென வந்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசிகிறது என்று அர்த்தம். அப்போதும் உடனே ஸ்பானரைத் தூக்க வேண்டியதில்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்துவிடலாம்.

பிரித்தபின் பேச வேண்டியது அளவுகோல் மட்டுமே. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் போர் கேஜ் வைத்து அளக்க வேண்டும். 1980-களில் வந்த எம்எம் 540 ஜீப்பில் இருந்தது பெஜோ வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் இன்ஜின்; போர் 90 மி.மீ. இந்த அளவுள்ள போரில் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியே ஏறக்குறைய 0.3 முதல் 0.4 மி.மீ.தான். இப்படிப்பட்ட கணக்கைக் கண்பார்வையில் முடிக்க எந்த மேஸ்திரியாலும் ஆகாது, எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சரி.

லைனர் உள்ள இன்ஜினில் லைனரை மாற்றலாம். இல்லாவிட்டால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன். பட்டறையில் ‘20 சைஸ்’ என்றால் அரை மில்லிமீட்டர் கூடுதல். இங்கேயும் ஒரு தவறு சகஜமாக நடக்கிறது: முதலில் போர் போட்டுவிட்டுப் பிறகு பிஸ்டன் வாங்கப் போவது. பிஸ்டன் கையில் வந்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்தபிறகுதான் லேத்காரர் கடைசி வெட்டைப் போட வேண்டும். கிராங்க்கும் அப்படியே. ஜர்னல் ஓவலாகியிருந்தால் கிரைண்டிங், அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங். ஹெட்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. ஆனாலும் விட்டுவிடுகிறார்கள்.

போரிங்குக்குப் பிறகு சிலிண்டருக்குள் கல்லால் குறுக்குக் கோடுகள் போடும் ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் ஒரு முக்கு முக்கித் துடைத்தால் போதாது. கல் விட்டுப்போன பொடி அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படாமல் போகும் வரை துடைத்து, உடனே ஆயில் பூச வேண்டும். இதில் சோம்பினால் புது ரிங் முதல் நாளே தேயத் தொடங்கிவிடும்.

இதைவிடப் பெரிய எதிரி தூசி. மலைப் பாதை ஜீப்பின் இன்ஜின் வயதாகித் தேய்வதைவிட மண் தின்று தேய்வதே அதிகம். பழைய ஜீப்புகளில் ஏர் கிளீனருக்கு அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். அதில் சேறு கட்டியிருக்கும். அங்கிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் மடிப்புக்குள் விரிசல் இருந்தால், ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோல்தான். பெருந்தொகை கொட்டி இன்ஜின் கட்டிவிட்டு அந்தப் பழைய குழாயையே மாட்டி அனுப்புகிற கூத்தும் நடக்கிறது.

“எதுக்கு இந்தத் தலைவலி, வேற இன்ஜினைத் தூக்கி வெச்சிடலாம்” என்பவர்களும் உண்டு. உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்ஜின் எண் மாறினால் ஆர்சி-யிலும் ஏற வேண்டும். பிளாக்கைத் தக்கவைத்துப் போர் போட்டால் எண் அப்படியே இருக்கும்.

அரசின் கணக்கு வேறு தினுசு. 15 ஆண்டு தாண்டிய சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000. ஒழுங்காகக் கட்டிய இன்ஜினுக்கும் புகை கக்கும் இன்ஜினுக்கும் ஒரே தொகை. வயதைப் பார்ப்பதில் காட்டும் கறாரைப் புகைச் சோதனையில் காட்டினால் காற்றுக்கும் நல்லது, நேர்மையான பட்டறைக்கும் நல்லது.

பிளாக் வெடித்திருந்தாலோ சேஸிஸ் துருவேறி இற்றுப்போயிருந்தாலோ செலவு செய்வது வீண்; விட்டுவிடலாம். மற்றபடி, பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் லேத்திலிருந்து பில் வாங்கும்போது போரிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் பிளாக்கை இறக்காதீர்கள்.