பதக்கம் குடுத்தா பிள்ளைங்க நிப்பாங்களா?

எங்க ஊர் களத்துமேட்டுல சாயங்காலம் சிலம்ப வகுப்பு நடக்குதுன்னு போன சித்திரையில எழுதியிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினீங்க. ரெண்டு பேர் கம்பு வாங்கப் பணமே அனுப்பினீங்க. அதனால இப்போதைய நிலவரத்தையும் சொல்லிடணும். அன்னைக்கு 34 பிள்ளைங்க. இன்னைக்கு 11. நீங்க வாங்கிக் குடுத்த கம்புல பாதி என் வீட்டுத் திண்ணையில சாத்திக் கிடக்கு.

போன வாரம் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அறுபது வயசைத் தாண்டினவர், இன்னும் கம்பெடுத்தா பக்கத்துல போக முடியாது. காப்பியைக் குடிச்சுட்டு, "தம்பி, இன்னொரு சாதனை நிகழ்ச்சி வச்சிருவமா? அப்பத்தான் பிள்ளைக நிக்கும்" என்றார். எனக்கு வந்த கோபத்தை அவர்கிட்ட பாதிதான் காட்டினேன். மீதி இங்கே.

போன ஆடி மாசம் டவுன்ல ஒரு பள்ளிக்கூட மைதானத்துல அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஒரு மணி நேரம் நிறுத்தாமக் கம்பு சுத்தினா 'உலக சாதனை'ச் சான்றிதழ். தலைக்கு 750 ரூபாய். அதுக்கு ஒரு பனியன், ஒரு பதக்கம், மாலை போட்டு ஒரு போட்டோ. எங்க பிள்ளைங்க 22 பேர் போனாங்க. பெத்தவங்கள்ல பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போறவங்க. 750 ரூபாய் அவங்களுக்குச் சின்னக் காசு இல்லை. மூணு பிள்ளைங்களுக்கு நான்தான் கட்டினேன், அந்த முட்டாள்தனத்தையும் ஒத்துக்கிறேன்.

ஆவணி முடியறதுக்குள்ள வகுப்புல 19 பேர்தான் மிச்சம். ஏன்னு ஒரு பையன்கிட்ட கேட்டேன். "அதான் சர்ட்டிபிகேட் வாங்கியாச்சே மாமா" என்றான். அவன்மேல தப்பே இல்லை. உலகத்துலயே சாதிச்சாச்சுன்னு எழுதிக் கையில குடுத்தப்புறம் அவன் எதுக்காக மறுநாள் வந்து காலடி பழகணும்?

சிலம்பம் தெரியாதவங்களுக்காக ஒண்ணு சொல்லணும். ஒரே இடத்துல நின்னு கம்பைச் சுத்துறது ரெண்டு மாசத்துல வந்துரும். பார்க்கவும் அழகா இருக்கும். ஆனா எதிராளி முன்னாடி நிக்கும்போது கம்பு பாதிதான், மீதி காலடி. எப்ப முன்னால வைக்கிறது, எப்ப விலகுறது, உடம்பை எந்தப் பக்கம் திருப்புறது, எல்லாம் கால்லதான் இருக்கு. அதுக்கு வருஷக்கணக்காகும். ஒரு மணி நேரம் நின்ன இடத்துல சுத்தின பிள்ளைக்கு அந்த ஒரு மணியில காலடி ஒண்ணுகூடக் கூடலை. தோள்வலிதான் கூடிச்சு.

'சான்றிதழ் இருந்தா நாளைக்கு வேலைக்கு ஆகுமே' என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பத்தையும் சேர்த்திருக்காங்க. முதலமைச்சர் கோப்பையில சிலம்பம் இருக்கு. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில செயல்விளக்க விளையாட்டா வச்சாங்க. அந்த வழி நல்ல வழி. ஆனா அங்கே போட்டியில ஆடி ஜெயிக்கணும். காசு கட்டி வாங்கின சாதனைக் காகிதத்தை அந்த ஒதுக்கீட்டுல யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னு பெத்தவங்களை நம்ப வைக்கிறதுதான் எனக்கு ஆத்திரம்.

இதுல பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் பங்கு இருக்கு. கண்ணைக் கட்டிக்கிட்டு, பானைமேல நின்னு, தீப்பந்தத்தைச் சுத்துற பிள்ளை வீடியோ வந்தா 'வீரத்தமிழன்'னு போட்டு நாலு குரூப்புக்கு அனுப்புறீங்க. காலடி பழகுற பிள்ளையை யாரும் அனுப்புறதில்லை. வாத்தியார் என்ன செய்வார்? எது ஓடுதோ அதைத்தானே சொல்லிக் குடுப்பார்?

வாத்தியார்மேலயும் எனக்கு வழக்கு இருக்கு. ஐப்பசியில இங்கே மழை. கரிசல் மண்ணுல மழை பெஞ்சா களத்துல கால் வைக்க முடியாது, செருப்போட அரை வீசை மண்ணு சேர்ந்து வரும். மூணு வாரம் வகுப்பு இல்லை. காஞ்சதும் திரும்ப ஆரம்பிச்சோம். ஒரு வாரம் பிந்தி வந்த பையனை எல்லார் முன்னாலயும், "என்ன, தொரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதோ?" என்று கேட்டார். அவன் மறுநாள் வரலை. அதைப் பார்த்துக்கிட்டிருந்த, இன்னும் பிந்தி வரலாம்னு இருந்தவனும் வரலை. ஒரு பிள்ளை ரெண்டு நாள் வராம இருந்துட்டா சலிப்பால நிக்கிறதில்லை. மூணாவது நாள் எப்படி மூஞ்சியைக் காட்டுறதுன்னுதான் நிக்குது.

அவரோட ஆசான் காலத்துல ஆறு மாசம் கம்பைத் தொடவே விடமாட்டாங்களாம், வெறும் காலடிதான். அதைப் பெருமையாச் சொல்வார். அதுவும் எனக்குச் சரியாப் படலை. அப்படி ஓடிப்போனவங்களை யாரும் எண்ணிப் பார்க்கலை, அவ்வளவுதான்.

அப்ப எதுதான் நிறுத்தும்? நான் கண்ணால கண்டதைச் சொல்றேன். இப்ப இருக்கிற 11 பேரும் வெள்ளிக்கிழமை ஒருநாள்கூடத் தவறுறதில்லை. அன்னைக்குத்தான் ஜோடி போட்டு விடுவார். கம்பு நுனியில துணியைச் சுத்தி சாக்பீஸ் தூள்ல தொட்டு, எதிராளி பனியன்ல பொட்டு வைக்கணும். முதுகுல பொட்டு வாங்கினவன் சனிக்கிழமை தானா வந்து, "அந்தக் காலடியை இன்னொருக்காச் சொல்லிக் குடுங்க வாத்தியாரே" என்கிறான். பதக்கமும் இல்லை, காசும் இல்லை. தோத்ததால வர்றான்.

பொம்பளைப் பிள்ளைங்க கதை வேற. எட்டாவது படிக்கிற ஒருத்தி, காலடியில அவளுக்கு ஈடு இந்த வகுப்புல இல்லை. கார்த்திகையில நின்னுட்டா. 'வயசுக்கு வந்துட்டா, இனி விடமாட்டாங்க' என்று எல்லாரும் முடிவு கட்டிட்டோம். நானும்தான். போய்க் கேட்டப்போ அவ அம்மா, "பிள்ளை வேண்டாம்னா சொல்லுச்சு அண்ணே? ஆறு மணிக்கே இருட்டிருது. களத்துல இருந்து தெரு முக்கு வரைக்கும் ஒரு லைட்டு எரியல. நான் வேலை விட்டு வர ஏழரை. யாரு கூட்டிட்டு வாரது?" என்றார். ஒரு மாசமா யாரும் அந்த வீட்டுப் படியேறிக் கேட்கலை. கேட்காமலேயே ஊர் வழக்கத்துமேல பழியைப் போட்டுட்டு உட்கார்ந்திருந்தோம்.

இதைச் சரிபண்ண 750 ரூபாய் சாதனை எதுக்கு? பொம்பளைப் பிள்ளைங்களுக்கு சனி, ஞாயிறு காலையில வகுப்பை மாத்தினாப் போதும். பத்தாவதுக்காரனுக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னா வெள்ளிக்கிழமை மட்டும் வரட்டும், பரீட்சை முடிஞ்சதும் முழுசா வரட்டும். நாம சித்திரையில புதுசா எத்தனை பேர் சேர்ந்தாங்கன்னு எண்ணுறோம். விதைச்ச அன்னைக்கே மகசூல் கணக்குப் போடுற விவசாயியை ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு இங்கே எழுத முடியாது.

நேத்து ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பார்த்து நின்னுபோன 23 பேரையும் எழுதினேன். வாத்தியாரைக் கூப்பிட்டேன். முதல்ல, "நான் போய்க் கூப்பிடுறதா?" என்று முறைச்சார். அப்புறம், "சரி வாரேன் தம்பி. ஆனா நீங்கதான் பேசணும்" என்றார்.

எட்டு வீடு ஏறினோம். அந்தப் பிள்ளை வீட்டுல கதவுக்குப் பின்னால இருந்து பழைய கம்பை எடுத்துட்டு வந்தா. கம்பு நெத்திப் புருவம் வரைக்கும் இருக்கணும். அவளுக்கு இப்ப மூக்கு வரைக்கும்தான் வருது. வாத்தியார் அளந்து பார்த்துட்டு என்னைப் பார்த்தார். பேச மாட்டேன்னு வந்தவர்தான். "திண்ணையில இருந்து ஒண்ணு எடுத்து வைங்க தம்பி" என்றார், அப்புறம் அவகிட்டத் திரும்பி, "சனிக்கிழமை காலையில ஆறரை" என்றார்.