அருவிக்கு ஏந்து எதற்கு?

மலையினின்று நீர் வீழ்கிறது. மாந்தன் அதன்கீழ் நிற்கிறான். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொன்று வேண்டுவதில்லை. அம் மூன்றாவதையே ‘ஏந்து’ என்றும் ‘வளர்ச்சி’ என்றும் கூவி விற்கின்றனர் வணிகர்!

ஐந்தருவியைப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்று சாரலைக் கொணர்ந்ததும் ஐந்து கூறாய் இழியும் அந்நீருக்கு எவரும் விலை கொடுத்தாரில்லை. அடிவாரத்திலோ கடைநெருக்கமும் உந்துகளின் இரைச்சலும் நெகிழிக் குப்பையும்! எண்ணெயும் வழலையும் கூடாவெனத் தடையிருந்தும் அதனை மதிப்பார் எத்துணைப் பேர்? இங்குக் கலக்கும் அழுக்கு இங்கேயே நின்றுவிடாது. குற்றால மலைநீர் சிற்றாறாய் ஓடி வயல்களை நனைத்துச் சீவலப்பேரியருகே பொருநையிற் கலக்கிறது. நாம் குளித்த நீரைத்தான் கீழுள்ள உழவன் பாய்ச்சுகிறான்.

இதனினும் பெருங்கொடுமை ஒன்றுண்டு. மலைநீரின் இயல்வழியைத் திருப்பித் தம் விடுதிக்குள் செயற்கையருவி அமைத்துக் காசு பார்த்தனர் சிலர். அத்தகு விடுதிகளை மூடுமாறு உயர்முறைமன்றத்தின் மதுரைக்கிளை 2022ஆம் ஆண்டில் ஆணையிட நேர்ந்தது. அருவியையே களவாடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது இவ்வேந்து வணிகம்!

மேலே, காட்டிடையே, செண்பகாதேவியும் தேனருவியும் இன்னும் கெடாதிருக்கின்றன. கடையின்மையும் தெருவின்மையும் காட்டுத்துறையின் தடையுமே அவற்றைக் காத்தன. அங்கும் பாதை போடுக என்பார்க்கு நம் விடை ஒன்றே: கீழே கெடுத்தது போதும்!

ஏந்தே வேண்டாவென்பது நம் கருத்தன்று. பெண்டிர் உடைமாற்ற மறைவிடமும், கழிப்பிடமும், வெள்ளம் வருமுன் எச்சரிக்கும் அமைப்பும் கட்டாயம் வேண்டும். 17.5.2024 அன்று பழைய குற்றாலத்தில் திடுமெனப் பெருகிய வெள்ளம் 17 அகவை இளைஞனொருவனைக் கொண்டுபோயிற்று. உயிர்காக்கும் ஏற்பாடு கடமை; உண்டு களிக்கும் கடைப்பெருக்கம் கேடு. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதே வணிகனின் சூழ்ச்சி.

பெயரிலும் இதே அழுக்குத்தான். சம்பந்தர் குற்றாலத்தையும் அதன் குறும்பலாவையும் தனித்தனியே பாடினார். நம்மவரோ ‘கோர்ட்டாலம்’ என்றும் ‘பைவ் பால்சு’ என்றும் நாக்கூசாது பிதற்றுகின்றனர். 2020இல் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் திருத்தி ஆணையிட்டது. சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. ஊரின் பெயரைக் காவாதார் ஊரின் நீரைக் காப்பாரோ?

தமிழர்களே! ஐந்தருவிக்குச் செல்லுங்கள், வெறுங்கையோடு செல்லுங்கள். குளித்து, குளிர்ந்து, குப்பையொன்றும் விடாது மீளுங்கள். அதன் பெயரைத் தமிழாகவே சொல்லுங்கள். நீரும் மொழியும் நமக்கு முன்னோர் விட்டுச் சென்றவை. கலப்படமின்றி அடுத்தவர் கையில் ஒப்படைத்தலே நம் கடன்.