இடிந்த பாலமும் மூடிய கோப்பும்

குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி 2025 ஜூலை 9ஆம் தேதி காலை முறிந்து விழுந்தது. போய்க்கொண்டிருந்த வாகனங்கள் ஆற்றில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்து நடந்தவை மக்களுக்கு மனப்பாடம்: இழப்பீடு, விசாரணைக் குழு, பொறியாளர்கள் சஸ்பெண்ட். 1985ல் கட்டப்பட்ட அந்தப் பாலத்தில் பீடமும் மூட்டும் நொறுங்கியதுதான் காரணம் என்று முதல்கட்ட ஆய்வை வைத்து மாநில அரசு சொன்னது.

பாலங்களைப் பராமரிப்பவருக்கு இந்த ஒரு வரி போதாது. மூட்டு ஏன் நலிந்தது? உள்ளே நீர் இறங்கியதா? தார் மேல் தார் போட்டுச் சுமை கூடியதா? விழுமுன் கண்ணுக்குத் தெரிந்த அறிகுறி என்ன? இதே பாணிப் பாலம் ஒன்றைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் வேறு மாநிலப் பொறியாளருக்கு இந்த விடைகள்தான் தேவை. அவை அவரிடம் போய்ச் சேர வழி இல்லை. யார் மீது நடவடிக்கை எடுக்கலாம் என்பதோடு விசாரணை முடிகிறது. கோப்பும் மூடப்படுகிறது.

பொறியாளர்கள் கூடிப் பேச இந்தியாவில் இடமில்லாமல் இல்லை. 1934ல் பிறந்த இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்தான் சாலைகளுக்கும் பாலங்களுக்குமான விதிகளை வகுக்கிறது. நல்ல யோசனைகள் அதன் வழியே ஊர் ஊராகப் போகவும் செய்கின்றன. பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கினார். கழிவு பிளாஸ்டிக் சாலைகளுக்கு 2013ல் காங்கிரஸ் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வெற்றியைப் பகிர்ந்துகொள்வதில் யாருக்கும் தயக்கமில்லை. தோல்விதான் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை.

2024 ஜூன், ஜூலையில் பிகாரில் சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் விழுந்தன. பத்துக்கும் மேற்பட்ட பொறியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஆற்றைத் தூர்வாரும்போது பழைய பாலங்களைக் காக்க உரிய முன்னெச்சரிக்கை எடுக்கவில்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. தூர்வாராத மாநிலம் எது? மண்ணை அள்ளுமுன் பாலத்தின் அஸ்திவார ஆழத்தைப் பார் என்ற பாடம் நாட்டின் எல்லாப் பாசனத் துறை அலுவலகங்களுக்கும் போயிருக்க வேண்டும்.

மத்திய அரசு 2016ல் பால மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களைக் கணினியில் பதிந்து ஒவ்வொன்றுக்கும் அடையாள எண் கொடுத்தது. நல்ல வேலைதான். ஆனால் எந்தப் பாலம் எங்கே இருக்கிறது என்று தெரிவது வேறு, விழுந்த பாலம் ஏன் விழுந்தது என்று தெரிவது வேறு.

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்ட் 1ஆம் தேதி நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். இரும்புச் சட்டங்களை இணைத்த தகடுகள் இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தன, வடிவமைப்பிலேயே தவறு. இறுதி அறிக்கைக்கு முன்பே, 2008 ஜனவரியில், இத்தகைய பாலங்களில் சுமையைக் கூட்டுமுன் தகடுகளின் பலத்தைக் கணக்கிடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை போனது. இறுதி அறிக்கையை யாரும் படிக்கலாம்.

பிரிட்டனில் 2005 முதல் இன்னொரு ஏற்பாடு. கட்டுமானத்தில் ஆபத்தைக் கண்ட பொறியாளர் அதை ரகசியமாக எழுதி அனுப்பலாம். ஊர், பேர் அடையாளங்களை நீக்கி, நிபுணர் கருத்தோடு அதை வெளியிடுகிறார்கள்.

இந்தியாவுக்கு இது புதிய யோசனையும் அல்ல. ரயில் விபத்தை விசாரிக்கும் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமான விபத்துக்கும் தனி அமைப்பு உண்டு. சாலைப் பாலத்துக்கு மட்டும், பெரும்பாலும் கட்டிய துறையே காரணத்தையும் தேடுகிறது. உண்மையை எழுதினால் வேலைக்கு ஆபத்து என்றிருக்கும்போது, விரிசலைப் பார்த்த இளநிலைப் பொறியாளர் என்ன எழுதுவார்? 'நிலைமை திருப்தி' என்றுதான்.

தவறு செய்தவருக்குத் தண்டனை வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அது ஒரு கோப்பில் நடக்கட்டும். பாலம் ஏன் விழுந்தது என்பதைச் சுயேச்சையான அமைப்பு ஒன்று ஆராய்ந்து, படங்களோடும் கணக்குகளோடும் வெளியிடட்டும். அதைப் படிக்கும் எங்கோ ஒரு பொறியாளர் மறுநாள் தன் பாலத்தின் அடியில் இறங்கி டார்ச் அடித்துப் பார்ப்பார். சஸ்பெண்ட் உத்தரவைப் படித்து அப்படி இறங்கியவர் எத்தனை பேர்?