மண் வீட்டின் விலை

ஒரு பொருளின் விலை வேறு. அதன் பெறுமதி வேறு. இவ்வுண்மையை நமக்கு அண்மையில் உணர்த்தியது, கல்லடியில் வாவிப் பக்கமாக விற்பனைக்கு வந்த ஒரு மண் வீடு.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நமது நெடுநாளைய நண்பர். படுவான்கரையிலிருந்து களிமண் வருவித்து, வைக்கோல் கலந்து மிதித்து, அச்சிலிட்டு வெயிலில் உலர்த்திய கற்களால், தாமே உடனின்று எழுப்பிய வீடு அது. பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்டமையால், முதுமையில் அதனை விற்க முற்பட்டார். நாமும் உடனிருந்த ஒரு நாள், வாங்க விரும்பிய இளைஞர் ஒருவர் வந்தார். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சேர், இது மண்தானே? காணிக்கு மட்டும் விலை சொல்லுங்க. வீட்டை எப்படியும் இடிக்கத்தானே வேணும்."

நண்பர் முகம் வாடிற்று. ஆயினும் சினவாது, "தம்பி, முதல்ல இருந்து தண்ணி குடிங்க" என்றார்.

கச்சான் அனலாய் வீசும் ஆடி மாத நண்பகல் அது. மேனியின் வியர்வை உலர்ந்த பின்னரே, அங்கு மின்விசிறி சுழலவில்லை என்பதை இளைஞர் கண்டார்.

இதில் மாயம் ஏதுமில்லை. ஒன்றரை அடித் தடிப்புள்ள மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்லவே ஏற்கும். அவ்வெப்பம் உட்புறத்தை எட்டப் பல மணி நேரம் செல்லும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவிற் சாளரங்களைத் திறந்தால், காற்று அதனைக் கொண்டு போய்விடும். கட்டுவதற்கும் எரிபொருள் மிகுதியாக வேண்டுவதில்லை. சீமெந்து செய்யும் சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். மண்கல்லுக்கோ வெயிலே சூளை.

எனினும், குணத்தைக் கூறிக் குற்றத்தை மறைத்தல் விற்பவர்க்கு அறமன்று. மண்ணுக்குப் பகை நீர். யேமன் நாட்டுச் சிபாம் நகரில், ஏழு மாடிவரை உயர்ந்த மண்கல் வீடுகள் நூற்றாண்டுகளாய் நிற்கின்றன. 1982இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. சுவர்ப்பூச்சைத் தவறாது புதுப்பித்து வந்தமையே அவற்றின் நீண்ட ஆயுளுக்குக் காரணம். அத்தகைய நகரையும் 2008ஆம் ஆண்டு வெள்ளம் சிதைத்தது. கல்லடியோ கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஊர். 1978இல் சூறாவளியையும் 2004இல் ஆழிப்பேரலையையும் கண்டது. இங்கு மண் வீடு கட்டுவோர்க்கு உயர்ந்த கல் அத்திவாரமும், மாரி மழை சுவரிற் படாதவாறு நீண்டிறங்கும் கூரையும் இன்றியமையாதன.

நண்பர் இவற்றையெல்லாம் ஒளிக்காது உரைத்தார். ஈரம் ஏறிய மூலையைக் காட்டினார். கறையான் அரித்து மாற்றிய நிலையையும் காட்டினார். பின்னர் ஒரு பழைய கொப்பியை எடுத்துவந்தார். எந்த ஆண்டு எச்சுவர் பூசப்பட்டது, எம்மண் எவ்வளவு சேர்க்கப்பட்டது என்பனவெல்லாம் அதில் இருந்தன.

"உறுதியோட இதையும் தாறன், தம்பி."

இளைஞர் அன்று விலை பேசவில்லை. மறுவாரம் மனைவியுடன் வந்தார். அவ்வம்மையார் கேட்ட முதற் கேள்வி, "பூச்சு வேலையை எங்களுக்குப் பழக்கி விடுவீங்களா, சேர்?" என்பதே. நண்பர் எதிர்பார்த்த தொகை முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாற் காணி விலைக்கு மேலே வீட்டுக்கும் ஒரு விலை கிடைத்தது. வீடும் இடிபடவில்லை.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு பழைய மண் வீடு நிற்கக்கூடும். அதனை இடிக்க முனையுமுன், ஒரு நண்பகல் அதன் திண்ணையில் அமர்ந்து பாருங்கள். கட்டியவர் உயிருடனிருப்பின், கொப்பியும் பென்சிலும் கொண்டு செல்லுங்கள்.